மதில் தந்த இரண்டு நூற்றாண்டுகள்: மிஸ்ட்ராஸ் மலைக்கோட்டையை வாசிக்கும் முறை

கிரேக்க நாட்டின் தெற்கே, ஸ்பார்ட்டா நகரிலிருந்து சில கிலோமீட்டர் மேற்கில், தைகெத்தொஸ் மலைத்தொடரை ஒட்டி எழுந்து நிற்கிறது மிஸ்ட்ராஸ் குன்று. ஏறத்தாழ 620 மீட்டர் உயரமுள்ள அதன் உச்சியில் ஒரு கோட்டை. அதற்குக் கீழே சரிவு முழுவதும் அரண்மனை, தேவாலயங்கள், மடங்கள், கூரையிழந்த வீடுகள். 1262 முதல் 1460 வரை பைசாந்தியப் பேரரசின் கையில் இருந்த இந்த ஊர், அந்தப் பேரரசின் கடைசி நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோப்பிளுக்கு அடுத்த இரண்டாவது தலைநகராகவே விளங்கியது. இதைப் பார்க்க வருகிறவர்களுக்கு மேல்வாசல், கீழ்வாசல் என இரண்டு நுழைவுகள் உண்டு. பலர் மேல்வாசலில் இறங்கி முதலில் உச்சிக்குப் போகிறார்கள்; பிறகு படிப்படியாகக் கீழே வருகிறார்கள். கால்வலிக்கு இது நல்ல வழிதான். ஆனால் வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்த வரிசை இடையூறாகிறது. உச்சியிலிருந்து தொடங்குகிறவருக்குக் கோட்டையே மூலகாரணமாகவும் கீழேயுள்ள ஊர் அதன் நிழலில் தானாக முளைத்ததாகவும் தோன்றும். கோட்டை வலுவாக இருந்தவரை அரசு இருந்தது, கோட்டை தளர்ந்ததும் அரசு விழுந்தது என்ற முடிவுக்கு எளிதாக வந்துவிடுவார். மிஸ்ட்ராஸின் சான்றுகள் இந்த முடிவுக்கு எதிராக நிற்கின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம். உச்சியிலிருந்த மதில் இந்த ஊருக்குக் கொடுத்தது கால அவகாசம். அந்த அவகாசத்தில் என்ன நடந்தது, அது எப்போது தீர்ந்தது என்பவற்றைத் தீர்மானித்தவை நிலவுரிமை, வரி, படைவீரர் சம்பளம், ஆண்ட குடும்பத்தின் ஒற்றுமை ஆகியவை. அவற்றுக்கான தடயங்கள் சரிவில் இருக்கின்றன.

முதலில் கவனிக்கவேண்டியது, இந்தப் பைசாந்தியக் கோட்டையைக் கட்டியவர்கள் பைசாந்தியர் அல்லர். 1204இல் நான்காம் சிலுவைப்போரின் படைகள் கான்ஸ்டான்டிநோப்பிளைக் கைப்பற்றிச் சூறையாடின. பேரரசின் நிலங்களை மேற்கு ஐரோப்பியப் பிரபுக்கள் பங்குபோட்டுக்கொண்டனர். பெலொபொன்னீஸ் தீபகற்பத்தின் பெரும்பகுதி அக்கையா என்ற பிராங்கியச் சிற்றரசாயிற்று. அதன் இளவரசர் இரண்டாம் வில்லியம் வில்லார்துவான் 1248இல் கடலோரப் பாறைநகரமான மொனெம்வாசியாவைப் பிடித்தார். மறுஆண்டில் மிஸ்ட்ராஸ் உச்சியில் கோட்டை எழுப்பினார். அவருடைய உடனடிக் கவலை கிரேக்கப் பேரரசர் அல்ல. தைகெத்தொஸ் மலைக்காடுகளில் எவருக்கும் அடங்காமல் வாழ்ந்த மெலிங்கர் என்ற ஸ்லாவிய இனத்தவர்தான். மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கும் வழிகளை அடைத்தால் அவர்கள் பணிவார்கள் என்று கணக்கிட்டு, மிஸ்ட்ராஸுடன் மானி பகுதியிலும் மேற்குக் கடற்கரையிலும் கோட்டைகள் கட்டினார். கணக்குப் பலித்தது. இடத்தேர்வு கச்சிதமானது: தெற்கில் செங்குத்தான பாறைப் பள்ளம், ஏறக்கூடிய பக்கத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மதில் வளைவுகள், உள்ளே மழைநீரைத் தேக்கும் தொட்டி. இன்று காணும் சுவர்களில் பைசாந்தியரும் துருக்கியரும் பின்னால் செய்த மாற்றங்கள் நிறைய உண்டு. ஆனாலும் அடிப்படை அமைப்பு அந்தப் பிராங்கியத் திட்டம்தான். உள்நாட்டு மலைவாசிகளை அடக்க அந்நியப் பிரபு ஒருவர் கட்டிய காவல்நிலையம், பதின்மூன்றே ஆண்டுகளில் கிரேக்கப் பேரரசின் தென்திசை மீட்சிக்கு அடித்தளமாயிற்று. அந்த மாற்றம் எந்த முற்றுகையாலும் வந்ததல்ல.

1259இல் மக்கெதோனியாவிலுள்ள பெலகோனியாவில் நடந்த போரில் வில்லியம் தோற்றார். தப்பியோடிக் கஸ்தோரியா அருகே வைக்கோற்போரில் ஒளிந்திருந்த அவரை, துருத்திய முன்பற்களைக் கொண்டு அடையாளம் கண்டு பிடித்தார்கள். இரண்டு ஆண்டுகளில் பேரரசர் எட்டாம் மிக்கேல் பாலையொலொகஸ் கான்ஸ்டான்டிநோப்பிளையும் மீட்டுவிட்டார். கைதியின் விடுதலைக்கு அவர் கேட்ட விலை கோட்டைகள்: மொனெம்வாசியா, மானி, மிஸ்ட்ராஸ். இதைப் பற்றி முடிவெடுக்க நிக்லி என்ற ஊரில் அக்கையாவின் பிரபுக்கள் சபை கூடியது. போரில் மாண்டவர்களும் சிறையில் கிடந்தவர்களும் போக மிஞ்சிய ஆண்கள் சிலரே என்பதால் அவையில் பெரும்பாலும் அவர்களுடைய மனைவியரே அமர்ந்திருந்தனர். ஏதென்சின் பிரபு கீ தெ லா ரோஷ் எதிர்ப்புத் தெரிவித்தார்; அந்தக் கோட்டைகள் பேரரசர் கைக்குப் போனால் தீபகற்பமே போய்விடும் என்று எச்சரித்தார், வேண்டுமானால் வில்லியமுக்குப் பதிலாகத் தாமே சிறைக்குப் போவதாகவும் சொன்னார். சபை கேட்கவில்லை. கணவர்கள் வீடு திரும்பவேண்டும் என்பது அங்கே பெரிய நியாயமாக இருந்தது. உயர்குடிப் பெண்கள் இருவர் பிணையாகக் கான்ஸ்டான்டிநோப்பிளுக்கு அனுப்பப்பட்டனர். கோட்டைகளின் சாவிகள் கைமாறின. மதிலில் ஒரு கல் பெயராமல், கட்டிய பதின்மூன்றாம் ஆண்டில் மிஸ்ட்ராஸ் கிரேக்கர் வசமாயிற்று. கோட்டையின் வலிமையை அளக்கிறவர்கள் சுவரின் கனத்தையும் பாறையின் செங்குத்தையும் அளப்பார்கள்; 1262இல் அந்த அளவுகள் எதுவும் பயன்படவில்லை.

இதற்கு உடனே ஒரு மறுப்பு எழும். உடன்படிக்கையால் கைமாறியது உண்மைதான். ஆனால் அடுத்த இருநூறு ஆண்டுகள் எவரும் இந்தக் கோட்டையைத் தாக்கிப் பிடிக்கவில்லையே, அதுவே மதிலின் வெற்றி அல்லவா? தாக்குதல் நடக்காததற்குக் காரணம் தாக்கிப் பயனில்லை என்று எதிரி அறிந்திருந்ததுதானே? இந்த மறுப்பில் பாதி உண்மை உண்டு, அதை ஒதுக்கமுடியாது. விடுதலைக்காகப் பேரரசரிடம் செய்த சத்தியத்திலிருந்து வில்லியமைப் போப்பாண்டவர் விடுவித்ததும் 1263இல் மீண்டும் போர் மூண்டது. அடுத்த ஆண்டு மக்ரிப்ளாகி கணவாயில் பைசாந்தியப் படை நொறுங்கியது. அதன் தளபதிகள் சிறைப்பட்டனர். வெற்றியோடு லாக்கொனியச் சமவெளிக்கு வந்த வில்லியம், லக்கெதெமோன் நகரம் ஆளரவமற்றுக் கிடப்பதைக் கண்டார். அங்கிருந்த கிரேக்கர்கள் மிஸ்ட்ராஸுக்கு ஏறிவிட்டிருந்தனர். தாமே கட்டிய கோட்டையை அவரால் திரும்பப் பெறமுடியவில்லை. களத்தில் தோற்ற அரசை அந்த நேரத்தில் மலைமேல் இருந்த சுவர் காப்பாற்றியது என்பதை மறுக்க இடமில்லை.

ஆனால் அதே நிகழ்வின் மறுபாதியையும் பார்க்கவேண்டும். மக்ரிப்ளாகியில் பைசாந்தியர் ஏன் தோற்றனர்? 1263இல் பேரரசர் அனுப்பிய படையில் கணிசமானவர்கள் துருக்கியக் கூலிவீரர்கள். மாதக்கணக்கில் சம்பளம் பாக்கி. கேட்டுப் பார்த்தார்கள், கிடைக்காதபோது பாசறையைக் கலைத்துக்கொண்டு நேராக வில்லியமிடம் போய்ச் சேர்ந்தார்கள். கணவாயில் போரின் போக்கைத் திருப்பியவர்கள் அவர்கள். இதைச் சொல்வது ‘மொரேயாவின் வரலாறு’ எனப்படும் 14ஆம் நூற்றாண்டு நூல். கிரேக்கம், பிரெஞ்சு, அரகோனியம், இத்தாலியம் ஆகிய மொழிகளில் வழங்கும் இந்நூல் பிராங்கியர் பக்கம் சாய்ந்தது. கிரேக்கர்களை நம்பத்தகாதவர்கள் என்று பல இடங்களில் தூற்றுகிறது. அப்படியிருக்க, சம்பள பாக்கி பற்றிய அதன் செய்தியை நம்பலாமா என்று கேட்பது நியாயம். நம்பலாம் என்பதற்கு அந்நூலின் சார்பே காரணம் தருகிறது. துருக்கியர் உதவியால் வென்றோம் என்று ஒப்புக்கொள்வது பிராங்கிய வீரத்தின் பெருமையைக் குறைக்கும்; தன் தரப்புக்குப் பெருமை சேர்க்காத விவரத்தை ஒரு சார்பான நூல் புனைந்து எழுத அவசியமில்லை. ஆகவே 1264 இரண்டு உண்மைகளை ஒருங்கே காட்டுகிறது: மதில் மக்களுக்கு அடைக்கலம் தந்தது, சம்பளம் கொடுக்கமுடியாத அரசைக் களத்தில் மதில் காக்கவில்லை. பின்வந்த இரண்டு நூற்றாண்டுகளும் இந்த இரண்டாவது உண்மையின் விரிவுதான்.

அடைக்கலம் தேடி ஏறியவர்கள் திரும்பி இறங்கவில்லை. சரிவில் வீடுகள் எழுந்தன. ஆயரின் இருக்கையும் சமவெளியிலிருந்து மேலே வந்தது. முதலில் மேல்நகரைச் சுற்றி ஒரு மதில். மக்கள் பெருகியதும் கீழ்நகரை வளைத்து இன்னொன்று. மேல்நகருக்கு நாஃப்லியோ வாசல், மொனெம்வாசியா வாசல் என இரண்டு வழிகள். தெருக்கள் வண்டி போகமுடியாதபடி குறுகியவை, வளைந்தவை. ஊரில் சமதளமான பெரிய திறந்தவெளி அரண்மனை முன்னாலுள்ள முற்றம் மட்டுமே. நிர்வாகம் தொடக்கத்தில் ஆண்டுதோறும் மாற்றப்பட்ட ஆளுநர்களிடம் இருந்தது. ஓராண்டு அதிகாரிக்கு ஊரில் வேர்பிடிக்க நேரமில்லை, அக்கறையும் இருக்காது. 1308 முதல் நீண்ட பதவிக்காலம் தரப்பட்டதும் நிலைமை மாறியது. 1349இல் பேரரசர் ஆறாம் யோவான் கந்தகூஜெனொஸ் தம் மகன் மனுவேலை ‘டெஸ்பாட்’ என்ற பட்டத்துடன் அனுப்பினார். அவர் 1380 வரை ஆண்டார். 1383 முதல் பாலையொலொகஸ் குடும்பத்து இளவரசர்கள். உச்சியிலுள்ள கோட்டை இந்தக் காலம் முழுக்க அடிப்படையில் அப்படியேதான் இருந்தது. மாறியது ஆட்சியின் அமைப்பு. ஊர் வளர்ந்த வேகம் அந்த மாற்றத்தோடு ஒத்துப்போகிறது. மதிலே வளர்ச்சிக்குக் காரணம் என்றால் 1262 முதலே அது ஒரே சீராக நடந்திருக்கவேண்டும்.

அந்த ஊர் எதைத் தின்று வாழ்ந்தது என்பதற்குக் கல்லிலும் சுவரிலும் எழுத்துச் சான்றுகள் இருக்கின்றன. கீழ்நகரிலுள்ள புனித தெமெத்ரியோஸ் பேராலயத்தின் தூண்களை நெருங்கிப் பார்க்கவேண்டும். வழிபாட்டாளர் கண்ணில் படும் உயரத்தில் ஆலயத்தின் சொத்துகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிருந்த ஆயர் நிகேபொரொஸ் மொஸ்கொபூலொஸ், தாம் ஆலைகள் அமைத்ததையும் ஒலிவமரங்கள் நட்டதையும் தோட்டங்கள் போட்டதையும் பதிவுசெய்திருக்கிறார். இன்னும் சற்றுத் தள்ளி, புரொந்தொகியோன் மடத்தைச் சேர்ந்த ஒதெகெத்ரியா ஆலயம். மடத்தலைவர் பக்கொமியோஸ் 1310ஐ ஒட்டிக் கட்டியது. அதன் பக்கவாட்டுச் சிற்றறை ஒன்றில் மேலே விதானத்தில் தேவதூதர்கள். கீழே நான்கு புறமும் ஆலயங்களில் வழக்கமாக இருக்கும் புனிதர் வரிசைக்குப் பதிலாக எழுத்து. பேரரசர் மடத்துக்கு அளித்த பொன்முத்திரைச் சாசனங்களின் வாசகம் வரிவரியாகச் சுவரில் தீட்டப்பட்டிருக்கிறது: எந்தெந்த நிலம், எந்தெந்தக் கிராமம், என்னென்ன வரிவிலக்கு. தாள் எரியலாம், தொலையலாம். சுவரில் எழுதி வானவர் காவலில் வைத்துவிட்டால் எந்த அதிகாரியும் மறுக்கமுடியாது என்ற எண்ணம் அதில் வெளிப்படை. எந்த மதிலையும்விட இந்தச் சிற்றறையே மிஸ்ட்ராஸ் அரசின் உள்ளமைப்பை நேராகச் சொல்கிறது. வளம் சமவெளியில், ஒலிவத் தோப்புகளிலும் வயல்களிலும் விளைந்தது. அந்த வளத்தின் மீது யாருக்கு உரிமை என்ற கேள்வியே மலைமேல் தீர்க்கப்பட்டுவந்தது.

மடத்தின் பக்திக்கொடைகளை வைத்துக்கொண்டு பாதுகாப்பைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று கேட்கலாம். அன்றைய உலகில் கொடையும் வரிவிலக்கும் எங்கும் இருந்தவைதானே? இருந்தன, ஆனால் சுருங்கிக்கொண்டே வந்த ஓர் அரசில் அவற்றின் எடை வேறு. விலக்களிக்கப்பட்ட ஒவ்வொரு கிராமமும் படைக்குச் சம்பளம் தரும் கணக்கிலிருந்து கழிந்துபோன கிராமம். இதை அன்றே உணர்ந்து சொன்னவர் மிஸ்ட்ராஸில் வாழ்ந்த தத்துவஞானி கெமிஸ்தொஸ் பிளெத்தோன். 1415ஐ அடுத்த சில ஆண்டுகளில் பேரரசர் இரண்டாம் மனுவேலுக்கும் அவர் மகன் டெஸ்பாட் இரண்டாம் தியோதொருக்கும் அவர் எழுதிய விண்ணப்பங்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. வெளிநாட்டுக் கூலிவீரர்களை நம்பாதீர்கள், மண்ணின் மக்களைக் கொண்டு படை அமையுங்கள் என்கிறார். போரிடுகிறவன் வரி கட்டவேண்டாம், வரி கட்டுகிறவன் போருக்கு வரவேண்டாம் என்று இரண்டு கடமைகளையும் பிரித்துவிடச் சொல்கிறார். உழுகிறவனுக்கே நிலம் பயன்படவேண்டும் என்கிறார். பொதுநலனுக்கு எதுவும் செய்யாத துறவிகள் பொதுச்செல்வத்தில் பங்கு கேட்பதைக் கடுமையாகக் கண்டிக்கிறார். குற்றவாளிகளின் உறுப்புகளைச் சிதைக்கும் தண்டனையைக் கைவிட்டு அவர்களை வேலையில் ஈடுபடுத்துங்கள் என்றும் கேட்கிறார். 1264இல் பாசறையைவிட்டுப் போன துருக்கியருக்கும் பிளெத்தோனுக்கும் இடையே ஒன்றரை நூற்றாண்டு இடைவெளி. நோய் அதேதான் என்பதை அவருடைய பட்டியல் காட்டுகிறது. எங்கே மதிலை உயர்த்தலாம் என்பது அவருடைய முதன்மைக் கேள்வியாக இல்லை. மதில்மேல் நிற்பவன் யார், அவனுக்கு யார் சோறு போடுவது என்பதே அவர் கேட்டது.

அவர் கேட்டது கற்பனைக் கேள்வியும் அல்ல. 1415இல் பேரரசர் மனுவேல் தீபகற்பத்துக்கு நேரில் வந்து, கொரிந்த் நிலஇடுக்கின் குறுக்கே கடலுக்குக் கடல் ஓடும் பழைய எக்ஸாமிலியோன் மதிலை 25 நாள்களில் புதுப்பித்தார். 153 கோபுரங்கள் கொண்ட அந்தச் சுவர் முழுத் தீபகற்பத்தையும் ஒரே கோட்டையாக்கும் முயற்சி. ஆனால் அதன் செலவுக்கான வரியைத் தரமறுத்து உள்ளூர் நிலப்பிரபுக்கள் கிளர்ந்தெழுந்தனர். பேரரசர் அவர்கள்மீதே படையெடுத்து அடக்கவேண்டியிருந்தது. தங்களைக் காக்கக் கட்டப்பட்ட சுவருக்குத் தாங்களே எதிரியான நிலப்பிரபுக்களிடம் குறுகிய புத்தி மட்டும் இருந்தது என்று சொல்லிவிட முடியாது. வலுவான மைய அரசு வந்தால் தங்கள் விலக்குகளும் வரும்படியும் பறிபோகும் என்பதை அவர்கள் சரியாகவே கணித்தனர். விளைவு: 1423இல் துருக்கியத் தளபதி துராகான் வந்தபோது மதிலைக் காக்கப் போதிய ஆள் இல்லை, அவர் எளிதாகத் தாண்டி இடித்துவிட்டுப் போனார். பிளெத்தோனின் திட்டமும் நிறைவேறவில்லை. அவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் டெஸ்பாட் தியோதொர் நிலமானியம் அளித்தார், அவரும் ஏற்றுக்கொண்டார். இதைக் கொண்டு அவருடைய நேர்மையைச் சந்தேகிப்பது எளிது. ஆனால் அதனால் எதுவும் விளங்காது. காசு அருகிப்போன அரசுக்குத் தன் சேவகர்களுக்குக் கொடுக்க நிலத்தைவிட்டால் வேறொன்றும் இருக்கவில்லை. சீர்திருத்தம் கேட்டவருக்குக்கூட அந்த முறைக்கு வெளியே நிற்க இடம் கிடைக்கவில்லை என்பதே அந்த மானியம் தரும் செய்தி.

இனி, இந்த வாதத்துக்கு எதிரான மிக வலுவான மறுப்புக்கு வருவோம். 15ஆம் நூற்றாண்டில் பீரங்கி வந்துவிட்டது. 1444இல் மீண்டும் எழுப்பப்பட்ட எக்ஸாமிலியோனை 1446 டிசம்பரில் சுல்தான் இரண்டாம் முராத் பீரங்கிகளால் உடைத்தார். 1453இல் கான்ஸ்டான்டிநோப்பிளின் மதில்களே தாங்கவில்லை. அப்படியானால் மிஸ்ட்ராஸின் வீழ்ச்சிக்கு நிலவுரிமையையும் குடும்பச் சண்டையையும் காரணம் காட்டுவானேன்? தொழில்நுட்பம் மாறியதும் இடைக்காலக் கோட்டைகள் எல்லாவற்றுக்கும் ஏற்பட்ட முடிவுதானே இதற்கும்? இந்த விளக்கத்தைச் சோதிக்க 1460ஆம் ஆண்டே வழிசெய்கிறது. ஒரே ஆண்டு, ஒரே எதிரி, ஒரே பீரங்கிகள், கோட்டைகள் பல. மே மாத இறுதியில் சுல்தான் இரண்டாம் மெஹ்மெத் மிஸ்ட்ராஸ் வாசலுக்கு வந்தபோது டெஸ்பாட் தெமெத்ரியோஸ் எதிர்ப்பின்றி ஊரை ஒப்படைத்தார். வடக்கே சல்மெனிகோ என்ற சிறு கோட்டையில் கிரைத்சாஸ் பாலையொலொகஸ் என்ற தளபதி இருந்தார். தண்ணீர் வழி அடைக்கப்பட்டு ஊர் பணிந்த பிறகும் அவர் உட்கோட்டையை விடவில்லை. 1461 கோடைவரை தாக்குப்பிடித்தார். மொனெம்வாசியா பணிய மறுத்து, போப்பாண்டவரின் பாதுகாப்பை நாடி, பிறகு வெனிஸின் கைக்குப் போயிற்று. பீரங்கியே விடை என்றால் சிறிய சல்மெனிகோ முதலில் விழுந்திருக்கவேண்டும், தலைநகரம் கடைசியில். நடந்ததோ தலைகீழ்.

வேறுபாடு எங்கே இருந்தது? மிஸ்ட்ராஸை ஆண்ட தெமெத்ரியோஸும் தீபகற்பத்தின் மறுபாதியை ஆண்ட தம்பி தோமாவும் பல ஆண்டுகளாக ஒருவரையொருவர் அழிக்கப் பார்த்துக்கொண்டிருந்தனர். 1453இல் மூண்ட அல்பேனியக் குடியேறிகளின் கிளர்ச்சியை அடக்க இருவருமே துருக்கியப் படையைத் துணைக்கு அழைக்கவேண்டியிருந்தது. தோமா போப்பாண்டவரை நம்பினார், தெமெத்ரியோஸ் சுல்தானை. 1459இல் இருவருக்கும் வெளிப்படையான போரே மூண்டது. இந்த நிலையில் மதில்மேல் நின்று போரிட ஒருவனுக்கு எந்த அரசின்மீது நம்பிக்கை இருக்கும்? 1460இல் மிஸ்ட்ராஸின் மதில் தோற்கவில்லை. அது சோதிக்கப்படவே இல்லை. 1262இல் எப்படி ஒரு பேரத்தால் ஊர் கைமாறியதோ அப்படியே மீண்டும் கைமாறியது. பைசாந்திய மிஸ்ட்ராஸின் தொடக்கமும் முடிவும் முற்றுகையில்லாமல் நடந்தவை என்பது தற்செயல் அல்ல. சுற்றிலும் நிலம், வருவாய், ஒற்றுமை ஆகியவை இல்லாதபோது பிடிக்கமுடியாத கோட்டையும் பேரப்பொருளாகிவிடுகிறது. பிடிக்கமுடியாதது என்பதாலேயே அதன் விலை கூடுகிறது.

அப்படியானால் மதில் தந்த அவகாசம் வீணானதா? இல்லை என்பதே என் உறுதியான கருத்து. இரண்டு நூற்றாண்டுகளில் சரிவில் உருவானவை பெரும் சாதனைகள். ஒதெகெத்ரியாவில் தரைமட்டத்தில் நீண்ட மண்டபமாகவும் மேல்தளத்தில் ஐந்து குவிமாடங்கள் கொண்ட சிலுவை அமைப்பாகவும் இரண்டு கட்டட மரபுகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தினார்கள். அந்த அமைப்பு அவ்வளவு பிடித்துப்போனதால் 15ஆம் நூற்றாண்டில் பழைய பேராலயத்தையும் அப்படியே மாற்றினர். மேல்தளத்தைப் புகுத்தும்போது, முன்பிருந்த சுவரோவியங்களின் மேற்பகுதி வெட்டுப்பட்டது. இன்றும் அங்கே கிறிஸ்துவின் வாழ்க்கைக் காட்சிகள் சிலவற்றில் உருவங்கள் தலையின்றி நிற்கின்றன. புனிதமான ஓவியத்தைவிடப் புதிய வடிவத்தை மேலாகக் கருதிய ஊரின் துணிச்சல் அது. 1428இல் யோவான் பிராங்கொபூலொஸ் கட்டிய பந்தனாஸா ஆலயத்தில் வெளிச்சுவரின் கூர்வளைவு அலங்காரமும் மணிக்கோபுரமும் மேற்கு ஐரோப்பியக் கட்டடங்களிலிருந்து வந்தவை. உள்ளே ஓவியங்கள் கான்ஸ்டான்டிநோப்பிள் மரபின் கடைசிச் செழுமை. இந்த ஊரில்தான் பிளெத்தோனிடம் பெஸ்ஸாரியோன் பாடம் கேட்டார். 1438, 1439 ஆண்டுகளில் இத்தாலியில் கூடிய திருச்சபைப் பெருமன்றத்துக்கு இருவரும் போயினர். பிளெத்தோன் புளோரன்ஸ் அறிஞர்களிடம் பிளேட்டோவைப் பற்றிப் பேசினார். கர்தினாலாகி இத்தாலியிலேயே தங்கிய பெஸ்ஸாரியோன், தாம் சேர்த்த கிரேக்கச் சுவடிகளை 1468இல் வெனிஸுக்குக் கொடையாகத் தந்தார். ஐரோப்பிய மறுமலர்ச்சியே மிஸ்ட்ராஸில் பிறந்தது என்று சிலர் சொல்வது மிகை. அதற்கு வேறு பல ஊற்றுகள் உண்டு. ஆனால் பிளேட்டோவின் முழு நூல்தொகுதியும் மேற்கில் வாசிக்கப்பட்டதற்கு இந்தச் சரிவில் வாழ்ந்தவர்களுக்கும் பங்கு உண்டு என்பது மிகையல்ல.

இடிபாடுகளைப் பற்றியும் ஒரு தவறான எண்ணத்தைக் களையவேண்டும். உடைந்த சுவரைக் கண்டதும் 1460இல் துருக்கியர் இடித்ததாக நினைக்கத் தோன்றும். ஊர் அதன்பின்னும் ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் வாழ்ந்தது, பட்டுத்தொழிலால் செழித்தது, 1687 முதல் 1715 வரை வெனிஸின் ஆட்சியிலும் இருந்தது. 1770இல் ரஷ்யத் தூண்டுதலால் எழுந்த கிளர்ச்சி தோற்றதும் அல்பேனியப் படைகள் ஊரைச் சூறையாடின. கிரேக்க விடுதலைப்போரில் 1825இல் எகிப்தின் இப்ராகிம் பாஷா எரித்தார். ஆனாலும் ஊரின் கதையை முடித்தது அமைதிக் காலத்து அரசாணைதான்: 1834இல் மன்னர் ஒத்தோவின் புதிய கிரேக்க அரசு பண்டைய ஸ்பார்ட்டா இருந்த இடத்தில் புதிய நகரத்தை நிறுவியது, மிஸ்ட்ராஸ் மக்கள் சமவெளிக்கு இறங்கினர். பண்டைய கிரேக்கமே பெருமை என்று கருதிய அந்தக் காலம், இடைக்காலக் கிரேக்கத்தைத் தன் வரலாறாக ஏற்கத் தயங்கியது. கடைசிக் குடும்பங்கள் 1950களில் வெளியேறின. மிஸ்ட்ராஸ் இடிபாடாக மாறியதிலும் தீயைவிட, குண்டைவிட, எந்தப் பழமைக்கு உரிமை கொண்டாடுவது என்ற அரசியல் முடிவுக்குப் பங்கு அதிகம்.

இன்று இந்தக் குன்றை நாம் புரிந்துகொள்ளமுடிவது, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே வந்து ஆலயங்களை அளந்து, ஓவியங்களையும் கல்வெட்டுகளையும் பதிவுசெய்த பிரெஞ்சு அறிஞர் கப்ரியேல் மிலே போன்றோரின் உழைப்பால். அவருடைய பெருந்தொகுப்பு 1910இல் வந்தது. 1930களில் அனஸ்தாசியோஸ் ஒர்லாந்தொஸ் சீரமைப்புப் பணிகளை நடத்தினார். 1989இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்தது. இவர்கள் காப்பாற்றிக் கொடுத்ததை வாசிக்க வருகிறவர்கள் கீழ்வாசலிலிருந்து தொடங்கவேண்டும் என்பது என் பரிந்துரை. முதலில் பேராலயத்துத் தூண்களின் சொத்துப் பட்டியல், அடுத்து ஒதெகெத்ரியாவின் சாசன அறை, பிறகு கீழ்த்தளத்தில் கவிகைக் கூரையிட்ட கிடங்கும் மேலே சமவெளியைப் பார்த்த சாளரங்களுமாக நிற்கும் பிரபுக்களின் வீடுகள், அரண்மனை முற்றம், கடைசியில் உச்சி. இந்த வரிசையில் ஏறினால் கோட்டையின் அளவு குறைந்துவிடாது. அதன் இடம் சரியாகிவிடும். ஏனென்றால் மேலேறி வருவதற்குள், அந்த மதிலை யார் செலவில் காத்தார்கள், யார் செலவு தர மறுத்தார்கள் என்பது தெரிந்திருக்கும். மலைக்கோட்டைகள் எந்த நாட்டில் இருந்தாலும் வீரத்தின் சின்னங்களாகவே நமக்குக் காட்டப்படுகின்றன. வீரம் இருந்தது; சல்மெனிகோ அதற்குச் சாட்சி. ஆனால் ஓர் ஊரைக் காப்பது உழவனின் விளைச்சலில் நியாயமாகப் பெற்ற பங்கும், அதை ஒழுங்காகப் படைக்குக் கொண்டுசேர்க்கும் நிர்வாகமும், ஆள்பவர்களுக்குள் குறைந்தபட்ச ஒற்றுமையும்தான். இவற்றை மிஸ்ட்ராஸ் ஒருபோதும் முழுமையாக அடையவில்லை. அடையவேண்டும் என்று சொன்னவரைத் தன் நடுவிலேயே வைத்திருந்தும் அவர் சொன்னதை நிறைவேற்றும் வலு அதற்கு இருக்கவில்லை. மதில் கொடுத்த இருநூறு ஆண்டுகள் ஓவியத்துக்கும் கட்டடக்கலைக்கும் கல்விக்கும் போதுமானவையாக இருந்தன. ஓர் அரசு தன் நிலவுரிமையைத் திருத்திக்கொள்ளப் போதவில்லை. கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் கல்லின் உயரத்தோடு இந்தக் கணக்கையும் பார்த்துவரவேண்டும்.